ஆன்டிபாடி எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் என்று தெரிந்துவிட்டால் போதும். மாணவர்கள் மட்டுமல்ல, கையில் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு வருகிறவர்களும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. அவற்றை எளிதிலிருந்து கடினமானதற்கு என்று ஒருவாறு வரிசைப்படுத்தியிருக்கிறேன். குழப்பங்களில் பாதிக்கு மேல் 4ஆம் கேள்வியில் உள்ள ஒரே தவறான எண்ணத்திலிருந்து முளைப்பவை. நேரமில்லாதவர்கள் அதையாவது படித்துவிடுங்கள். சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு இந்தப் பக்கம் போதாது, அதற்கு உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

1. ஆன்டிபாடி என்பது ஒரு செல்லா? வெள்ளையணுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. ஆன்டிபாடி ஒரு புரத மூலக்கூறு. அதற்கு உயிர் கிடையாது. வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு அதைச் செய்து ரத்தத்திலும் திசுக்களுக்கு இடையிலும் விடுகிறது. அளவு ஏறத்தாழ 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஒரு லட்சம் ஆன்டிபாடிகளை வரிசையாக நிறுத்திவிடலாம்.

ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவம் அதற்கு. இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு இலகுவான சங்கிலிகளும் சேர்ந்தது ஒரு மூலக்கூறு. இந்த அமைப்பைக் கண்டறிந்த ஜெரால்டு எடெல்மனும் ராட்னி போர்ட்டரும் 1972இல் நோபல் பரிசு பெற்றார்கள். விரிந்த இரண்டு கைகளின் நுனிகள்தாம் பற்றும் இடங்கள். நுனியின் வடிவம் ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி வேறுபடும். அடித்தண்டோ சில வகைகளில் மட்டுமே உண்டு. நுனி எதைப் பற்றுகிறதோ அதற்கு ஆன்டிஜென் என்று பெயர். முழுக் கிருமியையும் அது பற்றுவதில்லை. கிருமியின் மேற்பரப்பில் உள்ள ஒரு சிறு மேட்டையோ பள்ளத்தையோ பற்றுகிறது, அவ்வளவுதான்.

2. பற்றிக்கொண்டால் கிருமி செத்துவிடுமா?

ஆன்டிபாடி நேரடியாகக் கொல்வது அரிது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டால், வைரஸால் நுழைய முடியாது. நச்சின் மீது ஒட்டினால் நச்சு செயலிழக்கும். மற்ற நேரங்களில் அது அடையாளம் காட்டும் வேலையைச் செய்கிறது. அடித்தண்டை உணரும் விழுங்கு செல்கள் வந்து கிருமியை விழுங்குகின்றன. அல்லது ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் தூண்டப்பட்டு, பாக்டீரியாவின் உறையில் துளையிடுகிறது. எதைத் தாக்குவது என்பதை நுனியும், எப்படித் தாக்குவது என்பதைத் தண்டும் தீர்மானிக்கின்றன. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 9ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. எந்த உறுப்பு இதைத் தயாரிக்கிறது? கல்லீரலா, மண்ணீரலா?

இதற்கென்று தனி உறுப்பு இல்லை. பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் தங்கிச் சுற்றிவருகின்றன. தூண்டப்பட்ட பி செல், பிளாஸ்மா செல்லாக மாறும்போதுதான் ஆன்டிபாடி பெருமளவில் வெளியே வருகிறது. பிளாஸ்மா செல்களே ஆன்டிபாடியைச் சுரக்கின்றன என்று 1948இல் எடுத்துக்காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ். ஒரு பிளாஸ்மா செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளை வெளியேற்றும்.

பி செல்களின் கதைக்குள் கோழி வந்தது தற்செயல். புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழியின் பின்புறத்தில் உள்ள பர்சா என்ற சிறு பை எதற்கு இருக்கிறது என்று அறிய, குஞ்சுப் பருவத்திலேயே அதை வெட்டியெடுத்திருந்தார். அந்தக் கோழிகளைத்தான் பிறகு ஒரு வகுப்பில் ஆன்டிபாடி உருவாவதைக் காட்ட எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவற்றில் ஆன்டிபாடியே உருவாகவில்லை. கோழிகளின் பி செல்கள் அந்தப் பையில்தான் முதிர்கின்றன என்பது பிற்பாடு தெளிவானது. 1956இல் அந்தக் கட்டுரை கோழி வளர்ப்பு அறிவியல் இதழ் ஒன்றில் வெளியானது. மருத்துவ உலகம் அதைக் கவனிக்கச் சில வருடங்கள் ஆயின.

4. கிருமியின் வடிவத்தைப் பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரிதானே உடல் ஆன்டிபாடியைச் செய்கிறது?

இல்லை. நடப்பது இதற்கு நேர்மாறு. உடல் அளவெடுத்துத் தைக்கும் தையற்காரர் அல்ல; யார் வருவார் என்றே தெரியாமல் எல்லா அளவுகளிலும் முன்கூட்டியே தைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பி செல்லும் பிறக்கும்போதே ஒரு குறிப்பிட்ட நுனி வடிவத்தைக் கண்மூடித்தனமாக, குலுக்கல் முறையில் பெற்றுவிடுகிறது. அதே நுனி கொண்ட ஏற்பிகளை, சுமார் ஒரு லட்சம் எண்ணிக்கையில், தன் மேற்பரப்பில் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. தன் நுனிக்குப் பொருந்தும் ஒன்றை வாழ்நாளில் சந்திக்காமலே செத்துப்போகும் பி செல்கள்தாம் மிகப் பெரும்பான்மை.

கிருமி உள்ளே வந்ததும், கோடிக்கணக்கான பி செல்களில் எந்தச் சிலவற்றின் நுனி தற்செயலாக அதற்குப் பொருந்துகிறதோ அவை மட்டும் தூண்டப்படுகின்றன, பிரிந்து பெருகுகின்றன, அதே ஆன்டிபாடியைக் கொட்டுகின்றன. எது பெருக வேண்டும் என்பதைக் கிருமி தேர்ந்தெடுக்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்று அது எதையும் கற்றுத்தருவதில்லை.

நீங்கள் நினைத்தது போலவே பெரிய மனிதர்களும் நினைத்தார்கள் என்பதால் வருந்த வேண்டாம். இயற்கையில் இல்லாத, ஆய்வகத்தில் செய்த ரசாயனங்களுக்கு எதிராகக்கூட விலங்குகளில் ஆன்டிபாடி உருவாகும் என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் காட்டியிருந்தார். உலகில் இல்லாத பொருளுக்கு உடல் முன்கூட்டியே எப்படித் தயாராக இருக்கும்? ஆகவே ஆன்டிஜெனை அச்சாக வைத்து அதன்மேல் புரதம் மடிகிறது என்று 1940இல் லைனஸ் பாலிங் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். வேதியியலில் அவருக்கு இருந்த பெயரால் அது நெடுங்காலம் நிலைத்தது. 1957இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் தேர்ந்தெடுப்புக் கோட்பாட்டை எழுதினார். மறுவருடமே கஸ்டவ் நோசலும் ஜோஷுவா லெடர்பெர்கும் எலிகளுக்கு இரண்டு ஆன்டிஜென்களை ஒருசேரக் கொடுத்து, செல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். எந்தச் செல்லும் இரண்டையும் செய்யவில்லை. ஒரு செல்லுக்கு ஒரே ஆன்டிபாடி.

5. மனிதனுக்கு மொத்தமே இருபதாயிரம் ஜீன்தான் என்கிறார்கள். கோடிக்கணக்கான வகைக்கு ஜீன் எங்கிருந்து வரும்?

நல்ல கேள்வி. 4ஆம் பதிலைப் படித்ததும் இது தோன்றவில்லை என்றால், இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன்.

ஆன்டிபாடிக்கு முழு ஜீன் கிடையாது, துண்டுகள்தாம் உண்டு. கனமான சங்கிலியின் நுனிக்கு மூன்று வகைத் துண்டுகள்: முதல் வகையில் சுமார் 40, இரண்டாவதில் சுமார் 23, மூன்றாவதில் 6. எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்று எடுக்கப்பட்டு, இடையில் உள்ள டி.என்.ஏ. வெட்டி நீக்கப்பட்டு, மூன்றும் ஒட்டப்படுகின்றன. இதிலேயே 5,520 சேர்க்கைகள். இலகுவான சங்கிலியிலும் இப்படியே நடப்பதால் 300க்கு மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 17 லட்சம்.

அது தொடக்கம் மட்டுமே. ஒட்டும் இடங்களில் டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் தாறுமாறாக வெட்டப்படுகின்றன. வேறு சில, எந்த மூலப்பிரதியும் இல்லாமல், ஒரு நொதியால் இஷ்டத்துக்குச் சேர்க்கப்படுகின்றன. நுனியின் நடுப்பகுதி சரியாக இந்த ஒட்டிலிருந்து உருவாவதால், வகைகள் கோடிகளைத் தாண்டிப் போய்விடுகின்றன. உடலின் எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. ஒரே மாதிரிதான் என்ற பாடத்துக்கு இது விதிவிலக்கு. எலிக் கருவின் டி.என்.ஏ.வையும் ஆன்டிபாடி செய்யும் செல்லின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, துண்டுகள் இடம் மாறியிருப்பதை 1976இல் காட்டியவர் சுசுமு டோனெகாவா. 1987இன் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே போனது.

6. கண்மூடித்தனமாகச் செய்தால் நம் உடம்பையே பற்றும் ஆன்டிபாடியும் வந்துவிடுமே?

வருகிறது, தாராளமாக. புதிதாக உருவாகும் பி செல்களில் பாதிக்கு மேல் நம் சொந்தப் பொருட்களில் ஏதேனும் ஒன்றைப் பற்றக்கூடியவை. எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவற்றுக்குச் சோதனை நடக்கிறது. சுற்றியிருக்கும் உடற்பொருள் எதையாவது இறுகப் பற்றினால், அந்தச் செல்லுக்கு இன்னொரு வாய்ப்பு: இலகுவான சங்கிலியின் துண்டுகளை மறுபடி குலுக்கி நுனியை மாற்றிப் பார்க்கிறது. அப்போதும் பற்றினால் அது அழிய வேண்டியதுதான்.

வடிகட்டல் முழுமையானது அல்ல. தப்பிவிடும் செல்கள் பெரும்பாலும் செயலற்று இருக்கும், ஏனெனில் 7ஆம் பதிலில் வரும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவின் உதவி அவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதுவும் தவறினால் தன்னெதிர்ப்பு நோய். மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் நரம்பின் கட்டளையை வாங்கும் தசை ஏற்பியை ஆன்டிபாடி முடக்கி, தசை சோர்ந்துபோகிறது. கிரேவ்ஸ் நோயில் விசித்திரம்: ஆன்டிபாடி தைராய்டின் ஏற்பியில் போய் உட்கார்ந்து, ஹார்மோன் வந்துவிட்டது போல அதைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அழிக்காமலே நோயை உண்டாக்கும் ஆன்டிபாடி அது.

7. கிருமி நுழைந்ததிலிருந்து ஆன்டிபாடி வெளியே வரும் வரை என்ன நடக்கிறது?

கிருமியோ அதன் துணுக்குகளோ நிணநீரோடு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே பொருந்தும் பி செல் ஒன்று அதைப் பற்றி, உள்ளே இழுத்து, துண்டாக்கி, துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டுகிறது. பற்றியது மட்டும் போதாது. அதே கிருமியின் துண்டை வேறு வழியில் ஏற்கெனவே அறிந்துகொண்ட உதவி டி செல் ஒன்று வந்து ஒப்புதல் தர வேண்டும். இருவேறு செல்கள் ஒரே எதிரியைத் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனைதான் 6ஆம் பதிலில் சொன்ன ஆபத்தைப் பெருமளவு தடுக்கிறது.

ஒப்புதல் கிடைத்த பி செல்கள் விரைந்து பெருகுகின்றன. ஒரு பகுதி உடனே பிளாஸ்மா செல்லாகி முதல் தவணை ஆன்டிபாடியைக் கொட்டுகிறது. இன்னொரு பகுதி கணுவுக்குள்ளேயே தங்கி 8ஆம் பதிலில் வரும் பயிற்சிக்குப் போகிறது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது இந்தப் பரபரப்பின் வெளி அடையாளம். ஆனால் வாரக்கணக்கில் வற்றாமல், வலியும் இல்லாமல் கெட்டியாக இருக்கும் வீக்கத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டி செல் புரதத் துண்டுகளைத்தான் அறியும் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. சில பாக்டீரியாக்களின் மேலுறை வெறும் சர்க்கரைச் சங்கிலி. டி செல் உதவி இல்லாமலே பெரியவர்களின் பி செல்கள் ஓரளவு அதைச் சமாளிக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் முடியாது. ஆகவே அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசியாகக் கொடுக்கிறார்கள். பி செல் சர்க்கரையைப் பற்றிப் புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது; டி செல் புரதத்தைப் பார்த்து உதவுகிறது. குழந்தைகளின் மூளையுறை அழற்சியைத் தடுக்கும் ஹிப் தடுப்பூசி இந்த வகை. இவ்வளவு அழகான தந்திரம் நோய்த்தடுப்பியலில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

8. நாளாக ஆக ஆன்டிபாடி கூர்மையாகிறது என்று படித்தேன். பிறக்கும்போதே நுனி முடிவாகிவிடுகிறது என்றீர்களே?

இரண்டும் உண்மை. 4ஆம் பதிலின் விதி முதல் சுற்றுக்கு. பெருகத் தொடங்கிய பி செல்கள் நிணநீர்க் கணுவுக்குள் முளை மையம் என்ற இடத்தில் கூடுகின்றன. அங்கே ஏ.ஐ.டி. என்ற நொதி ஆன்டிபாடி ஜீனின் எழுத்துகளை வேண்டுமென்றே சிதைக்கிறது. உடலின் மற்ற ஜீன்களில் நடப்பதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகள் விழுகின்றன. பெரும்பாலான பிழைகள் நுனியைக் கெடுக்கும். அந்தச் செல்கள் சாகும். ஒன்றிரண்டு தற்செயலாக இன்னும் இறுகப் பற்றும். ஆன்டிஜெனும் டி செல் உதவியும் அளவாகவே கிடைப்பதால், இறுகப் பற்றும் செல்களே போட்டியில் பிழைக்கின்றன. பிறகு மறுபடி சிதைவு, மறுபடி போட்டி.

டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு வாரக்கணக்கில், நம் அக்குளுக்குள் நடக்கிறது. இங்கேயும் கிருமி எதையும் கற்றுத்தரவில்லை என்பதைக் கவனியுங்கள், குலுக்கலும் தேர்வும்தான். ஏ.ஐ.டி. நொதியைக் கண்டுபிடித்தது ஜப்பானில் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்குழு.

9. பரிசோதனை அறிக்கையில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு போட்டிருக்கிறது. எது நல்லது?

நல்லது கெட்டது அல்ல, வரிசைதான் விஷயம். முதலில் வருவது ஐஜிஎம். ஐந்து மூலக்கூறுகள் கூடிய பெரிய உருவம். பற்றும் நுனிகள் பத்து. ஒவ்வொரு நுனியின் பிடி தளர்வாக இருந்தாலும் எண்ணிக்கையால் ஈடுகட்டும். பிறகு டி செல்களின் உத்தரவுப்படி பி செல் தண்டை மட்டும் மாற்றிக்கொண்டு ஐஜிஜி செய்யத் தொடங்கும். நுனி அதேதான், எதிரி அதேதான். 2ஆம் பதிலில் சொன்ன தாக்கும் முறை மாறுகிறது. குடல், மூச்சுக்குழாய் போன்ற ஈரப் பரப்புகளுக்கு ஐஜிஏ. அன்றாடம் உடல் செய்யும் ஆன்டிபாடியில் மிகுதி இதுவே. புழுக்களுக்கு எதிராகவும், நமக்குப் பிடிக்காத வகையில் ஒவ்வாமையிலும் ஐஜிஇ.

பொதுவாக ஐஜிஎம் மட்டும் இருந்தால் தொற்று புதிது. ஐஜிஜி மட்டும் இருந்தால் பழையது அல்லது தடுப்பூசியால் வந்தது. ஆனால் ஐஜிஎம் சிலருக்கு மாதக்கணக்கில் தங்கும். வேறு கிருமியின் ஆன்டிபாடி தவறுதலாக இந்தச் சோதனையில் ஒட்டுவதும் உண்டு. ஒரே ஒரு தாளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

10. ஆன்டிபாடி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் என்றால் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு எப்படி?

மூலக்கூறுதான் அழிகிறது. அதைச் செய்யும் செல் இருந்துகொண்டே இருக்கிறது. முளை மையத்தில் தேறிய பிளாஸ்மா செல்களில் சில எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பி, அங்கே பல ஆண்டுகள், சில நோய்களின் விஷயத்தில் பல பத்தாண்டுகள், விடாமல் சுரந்துகொண்டிருக்கின்றன. இவை தவிர, நினைவு பி செல்கள் எதையும் சுரக்காமல் காத்திருக்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் முதல் முறை ஒன்றிரண்டு வாரம் எடுத்த வேலை சில நாட்களில் முடிகிறது. தேடலும் பயிற்சியும் முன்பே முடிந்துவிட்டதல்லவா?

எவ்வளவு காலம் என்பதற்குச் சான்று ஃபாரோ தீவுகள். 1781இல் தட்டம்மை அங்கே பரவியது. பிறகு 65 ஆண்டுகள் எட்டிப்பார்க்கவில்லை. 1846இல் மீண்டும் வந்தபோது ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேரைப் பிடித்தது. ஆய்வு செய்யப்போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்கள் ஒருவரையும் அது தொடவில்லை என்று பதிவு செய்தார். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 1918 பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளாக இருந்த முதியவர்களின் ரத்தத்தில் அந்த ஃபுளூவுக்கான நினைவு பி செல்கள் கிடைத்தன. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு!

11. அப்படியானால் ஆன்டிபாடி அளவு குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தால் பாதுகாப்பு போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

அவசியமில்லை. அந்த எண் சுரந்திருக்கும் ஆன்டிபாடியை மட்டும் அளக்கிறது. நினைவு செல்களை அளப்பதில்லை. உடலில் மெல்ல வளரும் கிருமி என்றால் நினைவு செல்கள் விழித்தெழ நேரம் கிடைக்கும். ஓரிரு நாளில் நோயை உண்டாக்கும் கிருமி என்றால் ஏற்கெனவே சுரந்து கிடக்கும் ஆன்டிபாடிதான் காப்பாற்ற வேண்டும். ஆக, எண்ணின் பொருள் நோய்க்கு நோய் மாறும்.

12. தட்டம்மை ஒரு தடவைதான் வரும். ஃபுளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

நினைவு மறப்பதால் அல்ல, ஃபுளூ வைரஸ் மாறுவதால். 1ஆம் பதிலில் சொன்ன மேடு பள்ளங்களை அது வருடந்தோறும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. தட்டம்மை வைரஸால் அது முடிவதில்லை. மாற்றினால் செல்லுக்குள் நுழையும் திறனே போய்விடும். சாதாரணச் சளிக்கோ காரணம் வேறு: ரைனோ வைரஸில் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. உங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறொன்று.

13. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டார்கள். நோயே வந்துவிட்ட பிறகு எதற்கு?

டெட்டனஸ் நச்சு அவ்வளவு வீரியமானது. ஆளையே கொல்லக்கூடிய அளவுகூட, பி செல்களைத் தூண்டப் போதாத அளவு. ஆகவே நோய் வந்து போனாலும் எதிர்ப்பு உருவாகாது. தடுப்பூசியில் இருப்பது நச்சுத்தன்மை நீக்கப்பட்ட அதே புரதம். அதனால் தாராளமாகக் கொடுக்க முடிகிறது. நோயில் கிடைக்கும் எதிர்ப்புதான் எப்போதும் சிறந்தது என்று வாதிடுபவர்களுக்கு இந்த ஓர் உதாரணத்தைச் சொல்வது என் வழக்கம்.

14. தடுப்பூசிக்குள் ஆன்டிபாடி இருக்கிறதா?

இல்லை, ஆன்டிஜென் இருக்கிறது, அல்லது அதைச் செய்வதற்கான குறிப்பு. ஆன்டிபாடியை நீங்கள்தான் செய்ய வேண்டும், அதனால் சில வாரங்கள் பிடிக்கிறது. ஆன்டிபாடியையே நேரடியாகக் கொடுப்பது சீரம் சிகிச்சை. பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் கிதாசாடோ ஷிபாசாபுரோவும் 1890இல் இதைத்தான் கண்டார்கள்: நச்சு செலுத்திப் பழக்கிய விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குக் கொடுத்தால் அதுவும் தப்பிக்கிறது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், பேரிங்குக்குக் கிடைத்தது. கிதாசாடோவுக்குப் பங்கு இல்லை. பாம்புக்கடிக்குத் தரும் விஷமுறிவு மருந்து இன்றும் பெரும்பாலும் குதிரையின் ஆன்டிபாடிதான். உடனே வேலை செய்யும். ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும், நினைவு எதையும் விட்டுச்செல்லாது.

15. பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி உண்டா?

உண்டு, தாயினுடையது. ஐஜிஜியை மட்டும் நஞ்சுக்கொடி தானே இழுத்து உள்ளே அனுப்புகிறது, அதிலும் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். குறைமாதக் குழந்தைகளுக்கு அதனால்தான் பாதுகாப்பு குறைவு. சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் வரும் ஐஜிஏ ரத்தத்தில் சேர்வதில்லை, குடலிலேயே நின்று காவல் காக்கும். தாயின் ஐஜிஜி சில மாதங்களில் கரைந்துவிடும். அது முழுதும் கரைவதற்கு முன் தட்டம்மைத் தடுப்பூசி போட்டால், தாயின் ஆன்டிபாடியே தடுப்பூசி வைரஸை மடக்கிவிடும். அந்த ஊசியைப் பல மாதங்கள் தள்ளி வைப்பது இதற்காகத்தான்.

16. எனக்கு யாருடைய ரத்தமும் ஏற்றியதில்லை. பிறகு எப்படி என் உடம்பில் வேறு ரத்த வகைக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது?

ஏ, பி ரத்த வகைகளின் அடையாளம் சர்க்கரைச் சங்கிலிகள். ஏறக்குறைய அதே சங்கிலிகள் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிலும் உண்டு. குழந்தைக்குச் சில மாதங்கள் ஆவதற்குள் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது. அதுவே அன்னிய ரத்தத்தையும் பற்றுகிறது. உங்கள் சொந்த வகையைப் பற்றும் பி செல்கள் 6ஆம் பதிலின்படி முன்பே நீக்கப்பட்டிருக்கும். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த கோழிக்குஞ்சுகளில் இத்தகைய ஆன்டிபாடி பெரிதாக உருவாகவில்லை.

இவை பெரும்பாலும் ஐஜிஎம், நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆர்எச் வகைக்கு (ரத்த வகையோடு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதுவது இதைத்தான்) எதிரானவை ஐஜிஜி, தாண்டிவிடும். ஆர்எச் இல்லாத தாயின் வயிற்றில் ஆர்எச் உள்ள குழந்தை இருந்தால் அதனால்தான் கவலை. பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி, குழந்தையின் ரத்த அணுக்களைத் தாயின் பி செல்கள் அறிந்துகொள்ளாதபடி செய்துவிடுகிறது.

17. ஆன்டிபாடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே? அதைப் பெருக்கும் டானிக் ஏதாவது சொல்லுங்கள்.

இரண்டுக்கும் என் பதில், 'இல்லை' என்பதே. ஒரே ஒரு பிளாஸ்மா செல் கட்டுப்பாடின்றிப் பெருகி, பயனற்ற ஒரே ஆன்டிபாடியைக் கொட்டும் நிலைக்கு மயலோமா என்று பெயர், அது புற்றுநோய். டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி இன்னொரு வகையை அரைகுறையாகப் பற்றி, அதை விழுங்கு செல்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம். டெங்கு வளர்வதே அந்தச் செல்களில்தான். இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

டானிக் பற்றி: கடும் ஊட்டச்சத்துக் குறைவு ஆன்டிபாடி உற்பத்தியைக் கெடுக்கும், அதைச் சரிசெய்தால் பலன் உண்டு. அதற்கு மேல், எந்தப் பொடிக்கும் ஒரு கிருமியின் வடிவம் தெரியாது. பொருந்தும் பி செல்லைத் தேர்ந்தெடுக்க ஆன்டிஜென் ஒன்றால்தான் முடியும்.

18. தட்டம்மை வந்தால் மற்ற நோய்களுக்கான எதிர்ப்பும் அழிந்துவிடும் என்கிறார்களே, வதந்தியா?

வதந்தி அல்ல. தட்டம்மை வைரஸ் நினைவு செல்களுக்குள்ளேயே நுழைந்து அவற்றை அழிக்கிறது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், அவர்களின் ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. தட்டம்மைக்கான எதிர்ப்பு மட்டும் உறுதியாக நிற்கும். மற்றவற்றைக் கிருமிகளைச் சந்தித்தோ தடுப்பூசி போட்டோ மறுபடி ஈட்ட வேண்டும். தடுப்பூசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸ் இந்தச் சேதத்தைச் செய்வதில்லை.

19. மருந்தாகத் தரும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை எப்படித் தயாரிக்கிறார்கள்?

ஒரு பி செல் ஒரே ஆன்டிபாடியைத்தான் செய்யும் என்பதால், ஒரே செல்லைப் பிடித்துப் பெருக்கினால் போதும். சிக்கல், அது ஆய்வகத்தில் சில நாட்களில் செத்துவிடும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் எலியின் பி செல்லை, சாகாமல் பெருகும் மயலோமா செல்லோடு இணைத்தார்கள். கிடைத்த கலப்புச் செல் விரும்பிய ஆன்டிபாடியையும் செய்தது, முடிவில்லாமலும் வாழ்ந்தது. காப்புரிமை எடுக்கப்படவில்லை. 1984இல் நோபல் கிடைத்தது. வீட்டில் கர்ப்பத்தைச் சோதிக்கும் பட்டையில் ஹார்மோனைப் பிடிப்பதும் இத்தகைய ஆன்டிபாடிதான். இன்று மனித ஜீன்களைக் கொண்டே செய்வதால், எலிப் புரதத்துக்கு எதிராக நம் உடல் ஆன்டிபாடி செய்யும் தொல்லை மிகக் குறைந்துவிட்டது.

20. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டார்கள். ரத்தத்தில் பி செல் பூஜ்யம் என்கிறார்கள், ஆனால் பழைய தடுப்பூசிகளின் ஆன்டிபாடி அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்திருக்கிறது. 1997இல் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்தும் 19இல் சொன்ன வகை ஆன்டிபாடிதான். பி செல்லின் மேல் உள்ள சிடி20 என்ற புரதத்தை அது பற்றுகிறது. பி செல் பிளாஸ்மா செல்லாக முதிரும்போது அந்தப் புரதத்தை இழந்துவிடுகிறது. ஆகவே 10ஆம் பதிலில் சொன்ன, எலும்பு மஜ்ஜையில் குடியேறிய செல்கள் மருந்தின் கண்ணில் படாமல் சுரந்துகொண்டே இருக்கின்றன. பல தவணைகள் தொடர்ந்து போட்டால் சிலருக்கு மொத்த ஐஜிஜி குறைவதுண்டு. மருத்துவர் அவ்வப்போது அளந்து பார்ப்பது அதற்காக.

புதிய ஆன்டிஜெனுக்குத்தான் சிக்கல். தேர்ந்தெடுக்கப்படுவதற்குப் பி செல்களே இல்லாதபோது தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக உருவாகாது. மஜ்ஜை புதிய பி செல்களை அனுப்பத் தொடங்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். போட வேண்டிய தடுப்பூசிகளை, முடிந்தால், இந்தச் சிகிச்சை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.